நிறமேற்றும் படுக்கை: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

போன இதழில் சொரியாசிஸ் என்ற தோல் நோயைப் பற்றி எழுதியபோது, "டேனிங் படுக்கையில் போய்ப் படுப்பது ஒளி சிகிச்சைக்கு மாற்றாகாது" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பெரும்பகுதி அந்த ஒரு வரியைப் பற்றியே கேட்கிறது. புற ஊதா விளக்குகள் பொருத்திய பெட்டிக்குள் படுத்து, வெயிலில் நிற்காமலே தோலைக் கறுக்க வைத்துக்கொள்ளும் கருவி அது. சன்பெட் என்றும் சொல்கிறார்கள். இந்த இதழ்ப் பக்கங்களை முழுக்க அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் ஒளிக்கு எதிரி அல்ல. தோல் மருத்துவராக வேலை பார்த்த 30 ஆண்டுகளில் பாதிக்கு மேல் புற ஊதா விளக்குப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுதான் கழிந்திருக்கிறது. அந்த ஒளியால் குணமானவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதை எவ்வளவு கவனமாகக் கொடுக்க வேண்டும் என்று தெரிந்திருப்பதால்தான், கவனமில்லாமல் கொடுப்பதைப் பார்க்கும்போது எனக்கு இவ்வளவு கவலை.

கேள்வி: வயது 22. முதன்முறையாக உடற்கட்டுப் போட்டியில் கலந்துகொள்கிறேன். மேடை விளக்கில் தசைகள் எடுப்பாகத் தெரிய வேண்டுமானால் உடம்பு நன்றாகக் கறுத்திருக்க வேண்டும், எட்டு முறையாவது சன்பெட்டில் படு என்கிறார் பயிற்சியாளர். உடன் பயிற்சி எடுக்கும் ஒருவர், மூக்கில் அடிக்கும் ஸ்பிரே இருக்கிறது, அதுவே போதும் என்கிறார். எது நல்லது டாக்டர்?

பதில்: இரண்டும் வேண்டாம், தம்பி. ஏன் என்று சொல்கிறேன்.

தோல் கறுப்பது எப்படி நடக்கிறது தெரியுமா? புற ஊதாக் கதிர் தோல் செல்லுக்குள் புகுந்து டி.என்.ஏ. இழையைத் தாக்குகிறது. அந்த இழையில் எழுத்துகள்போல் வரிசையாக இருக்கும் பொருள்களில் தைமின் ஒன்று. அடுத்தடுத்து இருக்கும் இரண்டு தைமின் எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிடுகின்றன. இழை அடிபட்டதைக் கண்டதும் பி53 என்கிற காவல் புரதம் விழித்துக்கொள்கிறது. அது ஒரு ஹார்மோனை உண்டாக்க வைக்கிறது. அந்த ஹார்மோன் பக்கத்திலுள்ள மெலனோசைட் செல்லைப் போய்த் தட்ட, அது மெலனின் நிறமியைத் தயாரித்து அக்கம்பக்கத்துச் செல்களுக்கு அனுப்புகிறது. அந்த நிறமி, செல்லின் உட்கருவுக்கு மேலே குடைபோல் விரிந்து நிற்கிறது. கண்ணாடியில் நீங்கள் பார்த்து மகிழும் நிறம், அடி விழுந்த பிறகு விரித்த குடைதான். அடி விழாமல் அந்தக் குடை விரிவதில்லை. ஒட்டிப்போன எழுத்துகளில் பெரும்பாலானவற்றை உடம்பு வெட்டி எடுத்துச் சரிசெய்துவிடும். சில தப்பிவிடும். எழுத்துப் பிழை அப்படியே நிலைத்துவிட்டால், அதுதான் பின்னாளில் புற்றுநோய்க்கு விதை. எட்டு முறை படு என்பது, ஆறுவதற்குள் மறுபடி மறுபடி அடி வாங்கு என்பதுதான்.

மூக்கில் அடிக்கும் ஸ்பிரே பெரும்பாலும் மெலனோடன் 2 என்கிற பொருளாக இருக்கும். நான் மேலே சொன்ன ஹார்மோனின் செயற்கை நகல் அது. மருந்தாக எந்த ஒப்புதலும் பெறாதது. குப்பிக்குள் உண்மையில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று விற்கிறவருக்கே தெரியாது. குமட்டல், இருக்கும் மச்சங்கள் திடீரென்று கறுப்பது, புது மச்சங்கள் கிளம்புவது, ஆண்களுக்கு மணிக்கணக்கில் அடங்காத வலியோடு விறைப்பு என்று மருத்துவப் பதிவுகள் இருக்கின்றன. தயவுசெய்து அதைத் தொடாதீர்கள்.

மேடைக்கு நிறம் வேண்டும், அவ்வளவுதானே? மேலே பூசும் டேனிங் ஸ்பிரே, லோஷன் போதும். மேடையேறும் பலர் அதைத்தான் பூசிக்கொள்கிறார்கள். அதிலிருக்கும் டைஹைட்ராக்ஸி அசிட்டோன் ஒரு வகைச் சர்க்கரை. தோலின் மேற்பரப்பில் உள்ள இறந்த செல்களின் புரதத்தோடு சேர்ந்து பழுப்பாகிறது. ரொட்டியின் மேல்தோல் அடுப்பில் சிவப்பதும் இதே இன வேதிமாற்றம்தான். உயிருள்ள செல்களை அது கறுக்க வைப்பதில்லை. தோல் உதிர உதிர, ஐந்திலிருந்து ஏழு நாளில் நிறமும் போய்விடும். முதலில் முழங்கையின் உட்புறத்தில் சிறிது பூசி, அரிப்பு வருகிறதா என்று ஒரு நாள் பாருங்கள். ஸ்பிரே அடிக்கும்போது மூச்சோடு உள்ளே போகக் கூடாது. கண், உதடு, மூக்குத் துவாரங்களை மூடிக்கொள்ளுங்கள். இன்னொன்று: அந்தப் பழுப்பு வெயிலைத் தடுக்காது. வெளியே பயிற்சி என்றால் சன்ஸ்கிரீன் தனியாகப் பூச வேண்டும்.

கேள்வி: என் மகளுக்கு 16 வயது. விடுமுறையில் தோழிகளோடு கடற்கரைக்குப் போவதற்கு முன் சன்பெட்டில் நான்கைந்து முறை படுத்துக்கொண்டால் அங்கே வெயில் சுடாது, தோல் பழகிவிடும் என்கிறாள். கடைக்காரர்களும் அப்படித்தான் சொல்கிறார்களாம். மறுத்தால், உனக்கு ஒன்றும் தெரியாது என்கிறாள். நான் என்ன சொல்லிப் புரியவைப்பது?

பதில்: இந்தப் பக்கத்தை அவளிடமே கொடுங்கள் அம்மா. நேராக அவளிடமே பேசிவிடுகிறேன்.

மகளே, முன்கூட்டியே கறுத்துக்கொண்டால் பாதுகாப்பு என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. அளந்து பார்த்தால் நிற்கவில்லை. நன்றாகக் கறுத்த தோல்கூட எஸ்.பி.எஃப். (வெயிலைத் தடுக்கும் திறனைச் சொல்லும் எண்) 3 அளவுள்ள சன்ஸ்கிரீன் தரும் பாதுகாப்பைத்தான் தருகிறது. நாங்கள் உங்களுக்குப் பரிந்துரைப்பது 30 அல்லது அதற்கு மேல். சன்பெட்டில் வரும் உடனடிக் கறுப்பு அதையும் தருவதில்லை. ஏற்கெனவே இருந்த நிறமி கறுத்துத் தெரிகிறது, அவ்வளவுதான். அப்படியென்றால், கடற்கரையில் படாமல் இருக்க வேண்டிய அடியை, முன்பணமாகக் கடையில் வாங்கிக்கொண்டு போகிறாய்.

உன் வயதுதான் எனக்கு முக்கியமான கவலை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2009ஆம் ஆண்டு இந்தக் கருவிகளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் வகுப்பில் சேர்த்தது. புகையிலையும் ஆஸ்பெஸ்டாஸும் இருக்கும் வகுப்பு. (ஒரே வகுப்பு என்றால் ஒரே அளவு ஆபத்து என்று பொருளில்லை. சான்று அதே அளவுக்கு உறுதி என்று பொருள்.) 35 வயதுக்கு முன் சன்பெட் பழக்கத்தைத் தொடங்கியவர்களுக்கு மெலனோமா என்ற தோல் புற்று வரும் வாய்ப்பு, தொடாதவர்களைவிட ஏறக்குறைய 59 சதவீதம் கூடுதல் என்று 2012இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கணக்கு சொல்கிறது. பயமுறுத்த எழுதவில்லை. மெலனோமா எல்லோருக்கும் வருகிற நோய் அல்ல. படுக்கிறவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அது வராது. ஆனால் தோல் புற்றுகளில் உயிரை அதிகம் குடிப்பது அதுதான். எந்தத் தேவையும் இல்லாமல் அந்த வாய்ப்பைக் கூட்டிக்கொள்ள வேண்டுமா என்பதே என் கேள்வி.

கிளேர் ஆலிவர் என்ற ஆஸ்திரேலியப் பெண்ணைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். 2007இல் மெலனோமாவால் இறந்தபோது அவருக்கு வயது 26. மருத்துவமனைப் படுக்கையிலிருந்தபடியே, சன்பெட்டின் ஆபத்தைப் பற்றி ஊடகங்களில் பேசினார். 2009இல் பிரேசில், அழகுக்காக இந்தக் கருவிகளைப் பயன்படுத்துவதை நாடு முழுக்கத் தடைசெய்தது. கிளேரின் குரல் அவர் நாட்டிலும் வீண்போகவில்லை. ஆஸ்திரேலியாவின் பெரும்பாலான மாநிலங்களில் 2015 தொடங்கியபோது காசு வாங்கிப் படுக்க வைக்கும் கடைகள் மூடப்பட்டிருந்தன. பிரிட்டன், ஜெர்மனி, பிரான்ஸ் போன்ற பல நாடுகளில் 18 வயது ஆகாதவர்களைக் கடைக்குள் படுக்க விடுவதைச் சட்டம் தடைசெய்கிறது. உன் அம்மாவுக்குத் தெரியவில்லை என்று நினைக்காதே. இத்தனை நாடுகள் யோசித்து எடுத்த முடிவைத்தான் அவர் வீட்டில் எடுத்திருக்கிறார்.

கடற்கரைக்குப் போ. தொப்பி, முழுக்கைச் சட்டை, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சன்ஸ்கிரீன். நீந்திவிட்டு வந்தால் மறுபடி பூசிக்கொள்.

கேள்வி: குளிர்காலத்தில் மாதக்கணக்கில் சூரியனையே பார்க்க முடியாத இடத்தில் வேலை. வைட்டமின் டி குறைவு என்று ரத்தப் பரிசோதனை சொல்கிறது. மனமும் சோர்ந்து கிடக்கிறது. வாரம் ஒருமுறை சன்பெட்டுக்குப் போய் வந்தால் இரண்டு மூன்று நாள் மனம் லேசாக இருக்கிறது. இதையும் தவறு என்பீர்களா?

பதில்: உங்கள் சோர்வும் உண்மை, போய் வந்தால் கிடைக்கிற ஆறுதலும் உண்மை. இரண்டையும் நான் மறுக்கவில்லை. உங்கள் கடிதத்தைப் படித்தபின் வெறுமனே "வேண்டாம்" என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

முதலில் வைட்டமின் டி. அதைத் தோலில் உண்டாக்குவது, புற ஊதாக் கதிர்களில் யூ.வி.பி. என்ற வகை. சன்பெட் விளக்குகளில் பெரும்பாலானவை பெருமளவு யூ.வி.ஏ. என்ற இன்னொரு வகைக் கதிரைத்தான் உமிழ்கின்றன. யூ.வி.பி. சில சதவீதம்தான் இருக்கும். அந்தக் கொஞ்சத்தால் வைட்டமின் டி ஓரளவு கூடலாம். ஆனால் தோலுக்கு ஒரு வரம்பு உண்டு. குறிப்பிட்ட அளவுக்கு மேல் கதிர் பட்டால், வைட்டமினாக மாறவேண்டிய முன்பொருளைத் தோலே பயனற்ற வேறு பொருள்களாக மாற்றிவிடும். வைட்டமின் நின்றுவிடும், அடி மட்டும் விழுந்துகொண்டே இருக்கும். ஒரு சிறு மாத்திரை இதே வேலையை எந்தக் கதிரும் இல்லாமல் செய்கிறது. பெரியவர்களுக்குப் பொதுவாக நாளொன்றுக்கு 600 யூனிட், 70 வயதைத் தாண்டியவர்களுக்கு 800. உங்களுக்குக் குறைவு என்று தெரிந்துவிட்டதால், எவ்வளவு, எத்தனை நாள் என்பதை உங்கள் மருத்துவர் ரத்த அளவைப் பார்த்துச் சொல்வார்.

மனச்சோர்வு வேறு கதை. குளிர்காலச் சோர்வுக்கு வெளிச்சம் மருந்துதான். ஆனால் அது வேலை செய்வது தோல் வழியாக அல்ல, கண் வழியாக. 10,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் தரும் விளக்குப் பெட்டிக்கு முன்னால் காலையில் எழுந்ததும் 30 நிமிடம் உட்காருவதுதான் அந்தச் சிகிச்சை. அதில் புற ஊதாக் கதிரை வடிகட்டிவிடுவார்கள். விளக்கையே உற்றுப் பார்க்க வேண்டாம், பக்கத்தில் வைத்துப் படிக்கலாம், சாப்பிடலாம். விழித்திரை நோயோ, இருதுருவ மனநிலை நோயோ இருந்தால் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். சன்பெட்டில் கண்ணை மூடிக் கவசம் போட்டுப் படுத்திருக்கிறீர்கள். அந்த வெளிச்சம் போகவேண்டிய இடத்துக்குப் போகவே இல்லை.

பிறகு ஏன் மனம் லேசாகிறது? முதல் பதிலில் சொன்ன, தோலைக் கறுக்க வைக்கும் ஹார்மோன் ஒரு பெரிய புரதத்திலிருந்து வெட்டி எடுக்கப்படுவது. அதே புரதத்தின் இன்னொரு துண்டு பீட்டா எண்டார்ஃபின். உடம்பே தயாரிக்கும் அபின் போன்ற பொருள். 2014இல் வெளியான ஓர் ஆய்வில், தினமும் புற ஊதா ஒளி பட்ட எலிகளின் ரத்தத்தில் இது கூடியது. அபினின் வேலையைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்ததும் அவை போதையை இழந்த மாதிரி நடுங்கின. இரண்டு மூன்று நாளில் அந்த லேசான உணர்வு கலைந்து மறுபடி போகத் தோன்றுகிறது என்று நீங்களே எழுதாமல் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பழக்கம் இறுகுவதற்குள் வெளிச்சப் பெட்டிக்கு மாறிக்கொள்ளுங்கள் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன். சோர்வு அதிகமானால் மனநல மருத்துவரைப் பார்க்கத் தயங்க வேண்டாம்.

சூரியன் குறைந்த நாட்டுக்கு இது பொருந்தாது என்று நினைத்தால் ஐஸ்லாந்தைப் பாருங்கள். அங்கே 1990களிலிருந்து இளம்பெண்களிடம் மெலனோமா வேகமாகக் கூடியது. இருக்கிற வெயிலே கொஞ்சம். ஆய்வாளர்களின் விரல் சன்பெட்டை நோக்கித்தான் நீண்டது. 2004இல் விழிப்புணர்வுப் பிரசாரம் தொடங்கினார்கள், 2011இல் 18 வயதுக்குட்பட்டோருக்குத் தடை கொண்டுவந்தார்கள்.

கேள்வி: எனக்கு சொரியாசிஸ். மருத்துவமனையில் வாரம் மூன்று நாள் ஒளி சிகிச்சை. அலைச்சல் தாங்கவில்லை. வீட்டுக்குப் பக்கத்திலேயே டேனிங் கடை இருக்கிறது. அதுவும் புற ஊதா, இதுவும் புற ஊதா. ஏன் கூடாது என்று போன இதழில் விளக்கவில்லையே டாக்டர் அம்மா?

பதில்: விளக்காதது என் தவறு.

ஒளியை மருந்தாக்கியதற்காக நீல்ஸ் ஃபின்சென் என்ற மருத்துவருக்கு 1903இலேயே நோபல் பரிசு கிடைத்தது. அன்றிலிருந்து நாங்கள் கற்றுக்கொண்டு வருவதெல்லாம், எந்த அலைநீளம், எவ்வளவு அளவு என்பதைத்தான். உங்களுக்குத் தருவது குறுகிய பட்டை யூ.வி.பி. அலைநீளம் 311 நானோமீட்டரை ஒட்டியது. சொரியாசிஸ் திட்டுகளை அடக்கும் திறன் அதிகம், சுடும் திறன் ஒப்பீட்டில் குறைவு என்று தேர்ந்தெடுத்த அலை. முதல் நாள் உங்கள் தோல் எவ்வளவுக்குச் சிவக்கிறது என்று பார்த்து, அதற்குக் கீழே தொடங்கி, ஒவ்வொரு முறையும் 10, 20 சதவீதம் என்று ஏற்றுவோம். சிவந்திருந்தால் அன்று நிறுத்துவோம். விளக்கு பழசாக ஆகக் கதிரின் வலிமை மாறும், அதனால் மீட்டர் வைத்து அளப்போம். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்களே, இங்கே தோலில் போடுகிறோம். மொத்தம் எத்தனை முறை கொடுத்தோம் என்பது ஆயுள் முழுக்கக் கணக்கில் இருக்கும். கடையில் இருப்பது வேறு அலை, வேறு வலிமை, அளக்கிறவர் இல்லை.

நான் பயிற்சி மருத்துவராக இருந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். உங்களைப் போல ஒரு நோயாளி. முதல் நாள் மாலை ஒரு கடையில் 15 நிமிடம் படுத்துவிட்டு, மறுநாள் காலை வழக்கம்போல் வந்து பெட்டிக்குள் நின்றார். அவர் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை. தோல் அப்போது சிவக்கத் தொடங்கியிருக்கவில்லை. வழக்கமான அளவைக் கொடுத்து அனுப்பினேன். இரவு முதுகெல்லாம் கொப்புளத்தோடு திரும்பி வந்தார். புண்ணான இடங்களிலெல்லாம் புதிதாக சொரியாசிஸ் கிளம்பியது. இந்த நோய்க்கு அந்தக் குணம் உண்டு, காயம் பட்ட இடத்தில் முளைக்கும். அவர் என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. எனக்குத்தான் இன்றுவரை ஆறவில்லை. அன்றிலிருந்து விளக்கைப் போடும் முன் நான் கேட்கும் முதல் கேள்வி, "வேறு எங்காவது கதிர் வாங்கினீர்களா?" என்பதுதான்.

அலைச்சலுக்கு வழி இருக்கிறது. மருத்துவர் மேற்பார்வையில் வீட்டிலேயே வைத்துக்கொள்ளும் குறுகிய பட்டை யூ.வி.பி. கருவிகள் உண்டு. அது உங்களுக்குப் பொருந்துமா, அல்லது மருந்தையே மாற்றலாமா என்று உங்கள் மருத்துவரிடம் வெளிப்படையாகப் பேசுங்கள். சொல்லாமல் கடைக்கு மட்டும் போய்விடாதீர்கள்.

கேள்வி: நான் ஒரு டேனிங் கடையில் வேலை செய்கிறேன். எங்கள் படுக்கையில் வருவது யூ.வி.ஏ.தான், அதனால் சுடாது, பாதுகாப்பானது என்று சொல்லச் சொல்லிக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். வருகிறவர்களிடம் அதைத்தான் சொல்கிறேன். நான் சொல்வது பொய்யா?

பதில்: இதைக் கேட்க உங்களுக்கு எவ்வளவு துணிவு வேண்டியிருந்திருக்கும் என்று புரிகிறது. நீங்கள் அறிந்து பொய் சொல்லவில்லை. ஆனால் அது உண்மை இல்லை.

யூ.வி.ஏ. குறைவாகச் சுடும், அது சரி. சுடாததால்தான் இன்னும் கவலை. சுட்டால் மனிதன் எழுந்து ஓடிவிடுவான். இது வலிக்காமல் யூ.வி.பி.யைவிட ஆழமாக இறங்குகிறது. தோலைத் தாங்கிப் பிடிக்கும் கொலாஜன் இழைகளை அறுக்கிறது. சுருக்கமும் தொய்வும் வருவது அதனால்தான். டி.என்.ஏ.வையும் அது விட்டுவைப்பதில்லை. சக்தி வாய்ந்த கருவிகளில் யூ.வி.ஏ. அளவு நண்பகல் வெயிலைவிட 10 மடங்குக்கும் மேல் இருக்கக்கூடும்.

வேலையை விடுங்கள் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை, உங்கள் வீட்டு நிலைமை எனக்குத் தெரியாது. "பாதுகாப்பானது" என்ற அந்த ஒரு சொல்லை மட்டும் நாளையிலிருந்து விட்டுவிடுங்கள். 18 ஆகாதவர்களைத் திருப்பி அனுப்புங்கள். கண்ணை மூடிக்கொண்டால் போதும் என்று கவசத்தை மறுப்பவர்களிடம், இமைத்தோல் மெல்லியது, கதிர் அதைத் தாண்டும், கருவிழி வெந்து போகும், நாளடைவில் கண்புரை வரும் என்று எடுத்துச் சொல்லுங்கள். நீங்களும் இலவசமாகப் படுக்கலாம் என்று சலுகை கொடுத்தால் ஏற்காதீர்கள்.

கேள்வி: முகப்பருவுக்கு டாக்ஸிசைக்ளின் சாப்பிடுகிறேன். ஒரே ஒருமுறை படுத்தால் என்ன?

பதில்: அந்த ஒருமுறையிலேயே வெந்துபோகலாம். டாக்ஸிசைக்ளின் தோலைக் கதிருக்குக் கூசச் செய்யும். ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் ஹைட்ரோகுளோரோதயசைடும் சில ஆன்டிபயாடிக்குகளும் அப்படியே. வேண்டவே வேண்டாம். வெயிலிலும் கவனம்.

கேள்வி: பிறவியிலேயே கறுத்த தோல் எனக்கு. மாநிறத்தவருக்கும் கறுப்பருக்கும் தோல் புற்று வராது என்கிறார்களே. நான் சன்பெட்டில் படுத்தால் எனக்கென்ன?

பதில்: குறைவாக வரும், வரவே வராது என்று இல்லை. உங்கள் மெலனின் உங்களுக்கு நல்ல குடைதான். அந்தக் குடையைச் சோதித்துப் பார்க்கக் காசு கொடுக்க வேண்டியதில்லை. நம்மைப் போன்ற தோலில் இந்தக் கதிர் முதலில் காட்டுவது திட்டுத் திட்டான கருமையும் மங்குவும்தான். வந்தால் போக வருடங்கள் ஆகும். சிகிச்சைக்கு வருகிறவர்களின் கண்ணீரைப் பார்த்திருக்கிறேன்.

கேட்டதோடு சேர்த்து ஒன்று. கறுத்த தோலில் மெலனோமா வரும்போது பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி என்று மறைவான இடத்தில் வரும். அதற்கும் வெயிலுக்கும் அவ்வளவு தொடர்பில்லை. பாடகர் பாப் மார்லி 1981இல் இறந்தது கால் விரலில் தொடங்கிய மெலனோமாவால்தான். நமக்கு வராது என்ற எண்ணத்தால் தாமதமாக வருகிறார்கள். நகத்தில் புதிதாகக் கறுப்புக் கோடு விழுந்து அகலமாகிக்கொண்டே போனால் காட்டிவிடுங்கள்.

கேள்வி: எனக்கு 41 வயது. 20 வயதில் தொடங்கி நான்கு வருடம், கிட்டத்தட்ட 60 முறை சன்பெட்டில் படுத்திருக்கிறேன். அப்போது யாரும் எதுவும் சொல்லவில்லை. இப்போது படிக்கப் படிக்கத் தூக்கம் வரவில்லை. ஆடுசதையில் இருக்கும் ஒரு மச்சம் சில மாதங்களாக ஓரம் கோணலாகத் தெரிகிறது. இனிமேல் என்ன செய்து என்ன பயன் டாக்டர்?

பதில்: பயன் இருக்கிறது. உங்கள் கடிதத்தைத்தான் முதலில் படித்தேன், கடைசியில் வைத்தேன், ஏனென்றால் நிதானமாக எழுத வேண்டியிருந்தது.

உங்களை நீங்களே குற்றம் சொல்லிக்கொள்ளாதீர்கள். அந்தக் காலத்தில் அதை ஆரோக்கியமான நிறம் என்றுதான் விற்றார்கள். நிறுத்திப் பல வருடம் ஆகிவிட்டது, அதன்பின் கணக்கு ஏறவில்லை. செய்ய வேண்டியது, மாதம் ஒருமுறை நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று உடம்பு முழுக்கப் பார்ப்பது. முதுகையும் தலையையும் வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். ஒரு பாதி போல் மறுபாதி இல்லாத மச்சம், ஓரம் பிசிறிய மச்சம், ஒரே மச்சத்தில் இரண்டு மூன்று நிறம், 6 மில்லிமீட்டருக்கு மேல் அகலம், எல்லாவற்றுக்கும் மேலாக, மாறிக்கொண்டே இருக்கிற மச்சம். மற்ற மச்சங்களோடு சேராமல் தனியாகத் துருத்திக்கொண்டு தெரிவது எதுவோ அதைச் சந்தேகப்பட வேண்டும். வருடம் ஒருமுறை தோல் மருத்துவரிடம் முழு உடம்பையும் காட்டுங்கள்.

ஆனால் ஆடுசதை மச்சத்துக்கு அந்த வருடாந்திரக் கணக்கு கிடையாது. இந்த வாரமே போங்கள். மருத்துவர் டெர்மோஸ்கோப் என்ற உருப்பெருக்கி வைத்துப் பார்ப்பார். சந்தேகம் வந்தால் மரத்துப்போகும் ஊசி போட்டு மச்சத்தை முழுதாக எடுத்துச் சோதனைக்கு அனுப்புவார். சிறிய வேலை, அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. இருந்தாலும், மேல் அடுக்கில் இருக்கும்போதே எடுத்துவிட்டால் பெரும்பாலானோர் முழுமையாகக் குணமாகிறார்கள். ஆழம் மில்லிமீட்டர் கணக்கில் கூடக் கூடத்தான் ஆபத்தும் கூடுகிறது. அதனால்தான் மாதத்தைக் கடத்தாதீர்கள் என்று கெஞ்சுகிறேன்.

தனியாகப் போக பயமாக இருந்தால் யாரையாவது துணைக்கு அழைத்துப் போங்கள். முடிவு வந்ததும், எதுவாக இருந்தாலும், எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.